எதையும் பிடிக்காத தையல்

முந்தைய அத்தியாயத்தைத் தவறவிட்டவர்கள் தலையில் கைவைத்து உட்கார வேண்டாம். அதில் நசீமாவும் சோணைமுத்துவும் மகாராஜபுரத்தில் காணாமல் போன சண்டைச் சேவலை இரண்டு நாள் தேடி, கடைசியில் புகார் கொடுத்தவரின் மச்சினன் வீட்டுக் குழம்பில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கேஸ் அதோடு செரித்துப்போயிற்று. இது வேறு.

கொரோனா இரண்டாவது முறையாக வந்து ஊரையே போட்டுப் புரட்டிக்கொண்டிருந்த அக்னி நட்சத்திர நாள். பகல் மணி ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் வெண்தாமரை மருத்துவமனையின் பின்பக்கம், நர்ஸ்கள் உடை மாற்றும் அறையில், சோணைமுத்து கையுறையும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு, ஒரு வெள்ளைக் கவச உடையைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து நின்றான்.

ஊரடங்குக்கு முன்னால் அவன் மினி பஸ் கண்டக்டர். பஸ் நின்றுபோனது, வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வாய்க்கு வேலை போட்டுக் கொடுத்தவள் நசீமா. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் புளுகுகிறவர்களை மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது ராஜபாளையத்தில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பூட்டிக் கிடக்கும் ஒரு டீக்கடைக்கு மேல்மாடி. அவ்வளவுதான்.

"அழாமச் சொல்லு பியூலா. என்ன நடந்துச்சு?" என்றாள் நசீமா.

பியூலா அந்த மருத்துவமனை நர்ஸ்கள் சங்கத்தின் செயலாளர். போன வருடம் அவளுக்குப் பேசிய மாப்பிள்ளையை விசாரித்து, கான்சாபுரத்தில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு சம்சாரம் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது நசீமாதான். கல்யாணம் போயிற்று, பழக்கம் மிஞ்சியது.

"மூணு வாரத்துல பதினோரு பிள்ளைக படுத்துட்டாளுக யக்கா. அனுசியா ஆக்சிஜன்ல கிடக்கா. எல்லாரும் முழு உடுப்பு மாட்டிக்கிட்டுத்தான் வார்டுக்குள்ள போனாளுக. பொறவு எப்படி வரும்? எனக்கு அப்பவே மனசுல உறுத்துச்சு. திங்கக்கிழமை ஸ்டோர்ல இருந்து புதுப் பெட்டி வந்துச்சு. கவரைப் பிரிச்சா சொட்டு நீலம் வாசம் அடிக்கு! புதுசுன்னா பிளாஸ்டிக் வாசம்ல அடிக்கணும்? நாப்பது உடுப்பையும் பெட்டியோட தூக்கி இந்த அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். இதை மாட்டிக்கிட்டு ஒருத்தியும் உள்ள போவக் கூடாதுன்னு சங்கத்துல சொல்லிட்டேன்."

"அதுக்குத்தான் திருட்டுப் பட்டமா?"

"ஆமா. புது உடுப்பைத் திருடினா, வேலையை நிறுத்தச் சொன்னான்னு ரெண்டு குத்தம். நாலு மணிக்கு விசாரணை. கெட்ட உடுப்புன்னு நான் காட்டலேன்னா இன்னைக்கோட சீட்டைக் கிழிச்சிருவாவ. என் வேலை போனா எனக்குப் பொறவு எவளும் வாயைத் தொறக்க மாட்டா யக்கா. குடுக்கதை மாட்டிக்கிட்டு உள்ள போவாளுக."

சோணைமுத்து உடையை மாஸ்க்கோடு மோந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "வாசம் அடிக்குன்னு சொன்னா எந்த மகராசன் நம்புவான்? இன்னைக்கு ஒருத்தனுக்கு வாசம் தெரியலேன்னாதான் விசேசம். உடனே மூக்குல குச்சிய விட்ருவாவ."

"உடுப்பை உள்பக்கமாத் திருப்புலே, வாயைத் திருப்பாம" என்றாள் நசீமா.

அவன் திருப்பினான். பின்கழுத்துப் பட்டையின் உள்ளே, எள் அளவுக்கு, பச்சை நூலில் மூன்று குறுக்குத் தையல்கள் இருந்தன.

"தையக்காரன் நூலு யக்கா. வேற ஒண்ணுமில்ல."

"எதை எதோட சேத்துத் தச்சிருக்கான்?"

சோணைமுத்து இழுத்துப் பார்த்தான். எதையும் எதோடும் சேர்க்கவில்லை. வெறும் துணியில் சும்மா போட்ட தையல். எதையும் பிடிக்காத தையலைப் போட எந்தத் தையக்காரனுக்கு நேரம் இருக்கிறது? அடுத்த உடையைத் திருப்பினான், இரண்டு தையல். அதற்கடுத்ததில் நான்கு.

நசீமா அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பெஞ்சின் மேல் மருத்துவமனைப் படுக்கை விரிப்பு ஒன்று மடித்துக் கிடந்தது. அதன் முனையைப் புரட்டினாள். அதே பச்சை நூல், அதே குறுக்குத் தையல், எண்ண முடியாத அளவுக்கு வரிசையாக.

"பெட்ஷீட்டெல்லாம் எங்க துவைக்கப் போடுதீக?"

"ராஜபாளையத்துல, மாரியாத்தா அக்கா லாண்டரியில."

"ஒரு உடுப்பை எடுத்துக்கிடவா?"

"வேண்டாம் யக்கா. நாப்பதுல ஒண்ணு குறைஞ்சாலும் வித்துத் தின்னுட்டான்னு சொல்லிருவாவ."

சரி என்று நசீமா தையல்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். விரிப்பை மூட்டையாகக் கட்டி சோணைமுத்துவின் தலையில் வைத்தாள். பியூலா அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

மடவார்வளாகம் பக்கம் தடுப்பு வைத்திருந்தார்கள். மொபெட்டை நிறுத்திய போலீஸ்காரர் லத்தியால் மூட்டையைத் தொட்டு, "இ-பாஸ் இருக்கா? என்னது இது?" என்றார்.

"ஆஸ்பத்திரித் துணி சார். சலவைக்குப் போகுது" என்றான் சோணைமுத்து.

"பிரி, பாப்போம்."

"தாராளமா. கொரோனா வார்டுத் துணிதான். செத்த கிட்ட வாங்க சார், நல்லா உதறிக் காட்டுதேன்."

போலீஸ்காரர் நின்ற இடத்தில் இல்லை. இருபதடி தள்ளி ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்து, "போலே! போ, போ!" என்று குரல் மட்டும் வந்தது.

"அம்மன் பேரைச் சொன்னாக்கூட இம்புட்டுப் பயப்பட மாட்டாவ யக்கா" என்றபடி சோணைமுத்து ஆக்சிலரேட்டரை முறுக்கினான்.

லாண்டரி சஞ்சீவி மலை பார்த்த பக்கம் இருந்தது. நாலு சிமெண்டுத் தொட்டி, ஒரு பாய்லர், வெயிலில் கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் துணிகள். தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு அலசிக்கொண்டிருந்தாள் மாரியாத்தாள். ஐம்பது வயது, இரும்பு மாதிரி உடம்பு, கையெல்லாம் பிளீச்சிங் பவுடர் தின்ற வெடிப்பு. கையுறை இல்லை.

"இது உங்க குறியா ஆச்சி?" என்று நசீமா விரிப்பின் முனையைக் காட்டினாள்.

"நான் ஆச்சியா? உனக்கும் எனக்கும் நாலு வயசு வித்தியாசம் இருக்குமாட்டி? அக்கான்னு சொல்லு."

"நல்லா வாங்கிக் கட்டுனீக" என்று சோணைமுத்து முணுமுணுத்தான். கேஸ் பாதி ஜெயித்த சந்தோஷம் அவனுக்கு.

"சரிக்கா. குறி உங்களதுதானே?"

"என் குறிதான். நாலு ஆஸ்பத்திரி, ரெண்டு லாட்ஜு துணி வருது. ஆளுக்கு ஒரு கலரு. வெண்தாமரைக்குப் பச்சை. ஒரு தடவை துவைச்சா ஒரு முடிச்சு. ரொம்ப முடிச்சு ஏறிட்டா துணி நைஞ்சுபோச்சுன்னு அர்த்தம், கழிச்சிருவாவ."

நசீமா போனை நீட்டினாள். மாரியாத்தாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஐயய்யோ! இதை யாரு பாத்தா? குறி போடக் கூடாதுன்னு மேனேசர் ஐயா படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! அவரே கார்ல கொண்டாந்து இறக்குவாரு, அவரே வந்து எடுத்துக்கிடுவாரு. போடாம எப்படிம்மா இருக்க முடியும்? போன வருசம் லாட்ஜுத் தலையணை உறை ஒண்ணு பிரசவ வார்டுக் கட்டுக்குள்ள போயி, பெரிய ரகளையாகி, சாமி மேல சத்தியம் பண்ணியிருக்கேன். குறி இல்லாத உருப்படி என் தொட்டியில இறங்காது. அதான் கண்ணுல படாம காலருக்குள்ள போட்டேன்."

"அது என்ன துணின்னு சொன்னாரு?"

"மழைக்கோட்டுன்னாரு."

சோணைமுத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "யக்கா, அக்னி நட்சத்திரத்துல நாக்கு வறண்டு கிடக்கு. ஆஸ்பத்திரிக்கு மட்டும் தனியா மழை பெஞ்சுச்சாக்கும்?"

"பெரிய மனுசர் சொன்னா கேட்டுக்கிட வேண்டியதுதானே. நானும் உடம்புக்கு முடியாம கிடந்து எந்திரிச்ச நேரம். ரெண்டு வாரம் காய்ச்சல். நாக்குல உப்புருசி தெரியல, மோர்க்குழம்பு வச்சா வாசம் தெரியல. வெயில் சூடுன்னு இளநி குடிச்சேன்."

சோணைமுத்துவின் சிரிப்பு அப்படியே அடங்கியது. நோயாளி மேல் பட்டுவிட்டு வந்த உடையை இந்த அம்மாள் வெறுங்கையால் கும்மியிருக்கிறாள், முகத்துக்கு ஒரு துணிகூட இல்லாமல். அதை மழைக்கோட்டு என்று சொல்லிக் கொடுத்தவன் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறான். சோணைமுத்துவுக்குக் கோபத்தில் காது சுட்டது. இத்தனை வருடம் பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட்டபோதுகூட அவனுக்கு இப்படி வந்ததில்லை.

நசீமா உள்ளதை உள்ளபடி சொன்னாள். அது ஒரே ஒரு தடவை மாட்டிவிட்டு அழித்துவிட வேண்டிய உடுப்பு. துவைத்தால் அதன் பூச்சு போய்விடும், ஊசி ஏறிய இடமெல்லாம் ஓட்டை. அதை மறுபடியும் கவரில் போட்டு ஒட்டி, புதுசு என்று நர்ஸ் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். நோயாளிகளின் பில்லிலும் புதுசு என்றே ஏற்றுகிறார்கள்.

மாரியாத்தாள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை வெளிய சொன்னா உங்க காண்ட்ராக்ட் போயிரும்க்கா" என்றாள் நசீமா.

"போனாப் போகட்டும். பெத்தவ வீட்டுல காத்துக்கிட்டு இருப்பா, அந்தப் பிள்ளைகளுக்கு நான் சீக்கைத் துவைச்சுக் குடுப்பேனா? என் பேரைச் சொல்லு. நான் வரணும்னாலும் வாரேன்."

"நீங்க உடம்பைப் பாருங்க. இன்னைக்கு உங்க குறி வந்தாப் போதும்."

திரும்பி வரும்போது மணி மூன்றே முக்கால். உடை மாற்றும் அறை திறந்து கிடந்தது. அலமாரியின் கொண்டியைக் கடப்பாரையால் நெம்பியிருந்தார்கள். பியூலா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"செக்யூரிட்டியக் கூட்டிட்டு வந்து உடைச்சிட்டாவ யக்கா. ஆஸ்பத்திரிச் சொத்தை மீட்டோம்னு நாப்பதையும் ஸ்டோருக்குத் தூக்கிட்டுப் போயிட்டாவ."

"ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

"இல்ல."

போனில் இருக்கும் படத்தைக் காட்டினால், எங்கேயோ எடுத்தது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். கையில் இருப்பது ஒரு பழைய பெட்ஷீட். பெட்ஷீட்டில் சலவைக் குறி இருப்பது ஊரறிந்த விஷயம். "நாம கெட்டோம் யக்கா. வெண்ணெய் திரண்டு வரையில தாழி உடைஞ்ச கதையாப் போச்சு."

"தாழிதானே உடைஞ்சுச்சு? வெண்ணெய் எங்கயும் போகாது. வா" என்றாள் நசீமா. தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே நடந்தாள். அது அவளுக்கு வழி தெரியாதபோது செய்கிற வேலை என்று சோணைமுத்துவுக்குத் தெரியும்.

விசாரணை மாடியில், மீட்டிங் அறையில். பியூலாவின் தரப்புக்குத் துணையாக நசீமாவும் சோணைமுத்துவும் உட்கார்ந்தார்கள். வெள்ளைத் துணி விரித்த நீள மேஜைக்கு அந்தப் பக்கம் நிர்வாகி கௌதம்ராஜ், மாரியாத்தாள் சொன்ன அதே மேனேஜர். மடிப்புக் கலையாத கவச உடை, ஒவ்வொரு தையல் மேலும் நீல டேப் ஒட்டிய உயர்ந்த சரக்கு. பக்கத்தில் விசாரணை அதிகாரியாக வந்திருந்த வக்கீல் வினோத். அவரும் கவச உடையில்தான் இருந்தார். அதற்கு மேல் இரண்டு மாஸ்க், முகத்துக்கு முன்னால் கண்ணாடித் திரை. பேனாவுக்குக்கூட சானிடைசர் அடித்துக்கொண்டிருந்தார். வாசலில் வந்து இறங்கியவர், உடுப்புக் கொடுத்தால்தான் உள்ளே காலை வைப்பேன் என்று அடம்பிடித்தாராம்.

கௌதம்ராஜ் பத்து நிமிடம் பேசினார். சங்கத்தின் அராஜகம், உயிர்காக்கும் உடைகளைக் கடத்திய கொடுமை, மனிதாபிமானம். 'மனிதாபிமானம்' மட்டும் ஏழு தடவை வந்தது, சோணைமுத்து விரல்விட்டு எண்ணினான்.

"தொழிலாளி தரப்பில் ஏதாவது சொல்லணுமா?" என்று வக்கீல் திரைக்குள் இருந்து கேட்டார்.

நசீமா வக்கீலின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டா முறுக்குவதை நிறுத்தினாள். அப்புறம் மேஜை விரிப்பின் முனையை எடுத்து, அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பெருசா ஒண்ணுமில்ல சார். இந்தத் துணியில பச்சையா ஏதோ பூ வேலை பண்ணியிருக்கே. பாதியிலேயே விட்டுட்டாங்களா?"

கௌதம்ராஜ் சிரித்துவிட்டார். "மேடம், அது பூ வேலை இல்ல. லாண்டரிக் குறி."

"அப்படியா! மத்த ஆஸ்பத்திரித் துணியோட கலந்துறாதா?"

"எப்படிக் கலக்கும்? பச்சை எங்களுக்கு மட்டும்தான். ஒரு சலவைக்கு ஒரு முடிச்சு. எங்க நிர்வாகத்துல எல்லாம் ஒரு ஒழுங்கு உண்டு மேடம்."

"வக்கீல் சார், இதைக் கொஞ்சம் எழுதிக்கிடுங்க. நிர்வாகத்தைப் பத்தி நல்லவிதமா நாலு வார்த்தை இருக்கட்டும்."

வக்கீல் எழுதினார். கௌதம்ராஜ் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். சோணைமுத்துவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அலமாரியில் புரட்டிப் பார்த்த உடைகளைப் போலவே, வக்கீல் உடையின் தையலிலும் டேப் எதுவும் இல்லை.

"இனி ஒரே ஒரு வேலை சார். பியூலா, வக்கீல் சாரோட பின்கழுத்துப் பட்டையைப் புரட்டு."

"எதுக்கு? கிட்ட வராதீங்க!" என்று வக்கீல் அலறினார். ஆனால் பத்து வருடம் ஊசி போட்ட கைக்கு யாரும் தப்ப முடியாது. பியூலா பட்டையைப் புரட்டினாள். பார்த்தாள். எண்ணினாள்.

"பச்சை நூலு யக்கா. நாலு முடிச்சு."

"நாலுன்னா?" என்றார் வக்கீல்.

"இந்த உடுப்பை உங்களுக்கு முன்னாடி நாலு பேரு கொரோனா வார்டுல போட்டு, வேர்த்து, கழட்டியிருக்காங்க சார்" என்றாள் நசீமா. "அஞ்சாவது ஆளு நீங்க."

அதற்குப் பிறகு அரை நிமிடம் அந்த அறையில் நடந்ததை முழுசாக எழுதினால் வக்கீல் தொழிலுக்கே மரியாதை இருக்காது. ஜிப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம். "சாட்சியைக் கிழிச்சிராதீங்க சார்!" என்று சோணைமுத்து பாய்ந்துபோய் உடையைக் கழற்றி, பச்சைத் தையல் தெரியும்படி மேஜை மேல் விரித்தான். விரிப்பின் முனையும் காலரும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒரே நூல், ஒரே கை.

"ஏமிரா இதி..." கௌதம்ராஜுக்குப் பதற்றத்தில் வீட்டில் பேசும் தெலுங்கு வந்துவிட்டது. சமாளித்துக்கொண்டார். "இது... வேற எந்த ஆஸ்பத்திரி உடுப்போ கலந்திருக்கு. லாண்டரிக்காரி செஞ்ச தப்பு."

"பச்சை எங்களுக்கு மட்டும்தான்னு நீங்கதான சொன்னீங்க? சார் கையாலேயே எழுதியிருக்காரு. தினமும் வாங்குற புது உடுப்பு எப்படி சார் லாண்டரிக்குப் போச்சு? ஸ்டோரைத் தொறந்து மத்த உடுப்பையும் புரட்டிப் பாத்துருவமா?"



வினோத் வெறும் சட்டையோடு, உடம்பெல்லாம் சானிடைசர் வடிய, பேனாவைப் பிடித்தார். இவ்வளவு வேகமாக ஒரு தீர்ப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் எழுதப்பட்டதே இல்லை. குற்றச்சாட்டு பொய். பணிநீக்கம் கிடையாது. நாற்பது உடுப்பும் சீல் வைத்து சுகாதாரத் துறைக்கு. துவைத்த மாரியாத்தாளுக்கு நிர்வாகச் செலவில் பரிசோதனையும் வைத்தியமும் என்று நசீமா சொல்லச் சொல்ல, அதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சோணைமுத்து விசில் அடிக்க விரலை வாய்க்குக் கொண்டுபோனான். அதற்குள் கௌதம்ராஜ் எழுந்தார். "சரி, ஜெயிச்சாச்சுல்ல? வார்டுல இருபத்தாறு பேரு மூச்சுக்குத் தவிக்கிறாங்க. உங்க சங்கத்துப் பேச்சால உள்ள ரெண்டே நர்ஸ்தான். புது உடுப்பு மதுரையில இருந்து நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் யாரு பாக்குறது? சொல்லும்மா, செயலாளரம்மா."

அந்த ஆள் அயோக்கியன்தான், ஆனால் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. சோணைமுத்து பியூலாவைப் பார்த்தான். இப்போதுதான் தப்பிய வேலை, இதற்கு என்ன பதில் சொன்னாலும் அடிபடும்போல் இருந்தது.

பியூலா கௌதம்ராஜின் தோளில் இருந்த நீல டேப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது மாதிரி உங்க ரூமுல எத்தனை இருக்கு சார்?"

நசீமா வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் மறுபடியும் பேனாவை எடுத்தார்.

"ஒரு... ஒரு பெட்டி. என் சொந்த உபயோகத்துக்கு" என்றார் கௌதம்ராஜ்.

"தொறங்க."

பதினெட்டு உடைகள் இருந்தன. பியூலா ஒவ்வொன்றாகக் காலரைப் புரட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு ஒரு தாளில், 'பதினெட்டு கவச உடைகள் வார்டுக்காக எடுத்துக்கொண்டேன்' என்று எழுதி, தன் பெயருக்குக் கீழே சங்கத்தின் பெயரையும் எழுதி, அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்கு ஒண்ணு கிடைக்குமா சிஸ்டர்?" என்றார் வினோத், பரிதாபமாக.

"வார்டுக்குள்ள வாரீயளா சார்?"

"ஐயோ, இல்ல!"

"அப்ப வீட்டுக்குப் போயி சோப்புப் போட்டுக் குளிங்க. அஞ்சாம் நாள் டெஸ்ட் எடுங்க."

கீழே சங்கத்துப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். எட்டுப் பேர் முதல் ஷிப்ட்டுக்கு என்று பியூலா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், முதல் பெயர் அவளுடையது. ஒருத்திக்கு ஒருத்தி ஜிப்பை ஏற்றிவிட்டு, முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்கள். மூடிய பிறகு யார் யாரென்று தெரியாதே. வார்டுக் கதவு திறந்தபோது உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது. பியூலா முதலில் போனாள், மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

"ஏலே, எதாவது சொல்லேன். அமைதியா இருக்க?" என்றாள் நசீமா.

சோணைமுத்து வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். "அந்தப் பிள்ளைக நல்லபடியா வெளிய வரணும் யக்கா" என்றான்.